நாணலை வேரோடு பெயர்க்கக் கேட்கும் முன்

உம்கெனி ஆற்றங்கரை ஊர்மன்றங்களின் பெரியோர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின், ஆற்றில் மண்டிய நாணலை மண்வாரி இயந்திரங்களால் அடியோடு அகற்ற வேண்டுமென்ற பேச்சு நம்மவரிடையே வலுத்து, மனுவாகவும் உருவாகி வருகிறது. 1917 அக்டோபரில் டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்டு அருகே டின் டவுன் குடியிருப்பை உம்கெனி மூழ்கடித்தபோது படவட்டன் குழுவின் ஆறு மீனவர்கள் 176 பேரைக் கரைசேர்த்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும், கோரிக்கையில் பாதிதான் சரி.

செடி அடர்ந்த ஆற்றில் நீர் தேங்கி உயரும் என்பது உண்மை. ஆற்றுப்படுகையும் செடிகளும் ஓட்டத்துக்குத் தரும் தடையை அளக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எண்ணான மேனிங் குணகம் சீரான, செடியற்ற வாய்க்காலுக்கு ஏறத்தாழ 0.03, களை அடர்ந்தால் அது 0.1ஐயும் தாண்டும். அதே ஆழத்திலும் சரிவிலும் நீரின் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் நாணல் வெறும் தடுப்புச்சுவர் அன்று. நீர் குறைந்த நாளில் ஒரு தண்டின் பின்புறத்தைக் கவனித்தால், இடமும் வலமுமாக மாறி மாறிச் சிறு சுழல்கள் கழன்று செல்வது தெரியும். ஓட்டத்தின் ஆற்றல் அச்சுழல்களில் கரைவதால் புதருக்குள் வேகம் தணிந்து வண்டல் படிகிறது. வெள்ளம் செடியை முழுதும் மூழ்கடிக்கும்போதோ, மேலே விரைந்தோடும் நீருக்கும் உள்ளே மெல்ல நகரும் நீருக்கும் இடையே பெரிய சுழல்கள் உருண்டு, இரண்டையும் கலக்கின்றன. வளையும் தண்டுகள் சாய்ந்து கொடுப்பதால், வேகம் கூடும்போது, வளையாத தண்டில் கூடும் அளவுக்கு அவற்றின் எதிர்ப்பு கூடுவதில்லை. (பெருவெள்ளத்துக்கு நாணலே முழுக்காரணம் என்போர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

இரு கரையையும் மழித்துவிட்டால், அந்த விரைவோட்டம் வேரின் பிடிப்பற்ற மண்ணில் நேரே மோதிக் கரையை அறுக்கும்; அறுத்த மண் முகத்துவாரத்தை நோக்கிச் சென்று படியும்.

ஆகவே மனுவைத் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். கரையோர நாணலை விட்டுவைத்து, நடு ஓடையில் மட்டும், மழை குறைந்த குளிர்காலத்தில், வேரைத் தொடாமல் தண்டை வெட்டக் கேளுங்கள். வெட்டு இடைவிடாத ஒரே பட்டையாக அமைய வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுகளை விட்டால், அவற்றின் இருபுறமும் ஓட்டம் விரைந்து படுகையைக் குடையும். கரையைப் பிடிக்காமல் மிதந்து வந்து பாலத் தூண்களில் அடைந்துகொள்ளும் ஆகாயத்தாமரையை மட்டும் மிச்சமின்றி வாரி அகற்றக் கேட்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.