எங்கள் பட்டறைச் சங்கம், கோவை: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டு நகராமல், சந்தா பற்றிய பத்தி வரைக்குமாவது படித்துவிடுங்கள்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. ஒரு முறை போதிய ஆள் இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. அடுத்த முறை சந்தனத்தை லீட் ஸ்குரூவில், அதாவது மெஷினின் மேஜையை நகர்த்தும் மரைத் தண்டில், வைக்க வேண்டாம். கூரை ஒழுகல் சரிசெய்யப்பட்டது.

இனி சிஎன்சி, அதாவது கணினி சொல்படி வெட்டும் மெஷின், பற்றிய விஷயம். சென்ற பொதுக்குழுவில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசினீர்கள் என்பதால் நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 3018 என்ற சிறிய மேஜை மெஷினை மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும்தான் வாங்கினோம், அதில் அலுமினியம் வெட்டுகிறேன் என்று செயலாளர் சங்கப் பணத்தில் சுழன்று வெட்டும் டூலான எண்ட் மில்லை உடைக்கிறார் என்பது குற்றச்சாட்டு. கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், “எங்க விஎம்சியில ரெண்டு நிமிஷ வேலைங்க இது” என்றார். மறுக்கவில்லை. அவருடைய விஎம்சி தொழிற்சாலைக்கான பெரிய சிஎன்சி மெஷின், டன் கணக்கில் எடை. நம்முடையதை நான் ஒருவனே தூக்கி மேஜை மாற்றிவிடுவேன். எடை இல்லாத மெஷினில் உலோகம் வெட்டுவதற்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இந்த ஆண்டு போட்டுப் பார்த்தோம்.

உலோகம் என்றதும் எல்லாரும் முதலில் ஃபீடை, அதாவது டூல் நகரும் வேகத்தை, குறைக்கிறார்கள். மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைப்பு. டூலைச் சுழற்றும் நம் 775 மோட்டார் 24 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று ஓடும். ஒற்றை விளிம்பு எண்ட் மில் ஒவ்வொரு சுற்றிலும் 0.02 மி.மீ. கடிக்க வேண்டுமென்றால் ஃபீட் நிமிடத்துக்கு 200 மி.மீ. இருக்க வேண்டும். அதை 50 ஆக்கினால் கடி 0.005 மி.மீ. ஆகிவிடும். அப்போது விளிம்பு வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் விளிம்பிலேயே ஒட்டும், ஒட்டியது டூலின் பள்ளத்தை அடைக்கும், அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம்தான். உலோகச் சீவல் ரவையாக உதிர வேண்டும். மாவாக வந்தால் உடனே நிறுத்துங்கள்.

குறைக்க வேண்டியது ஆழத்தை. ஒரு பாஸுக்கு, அதாவது ஒரு முறை சுற்றி வெட்டுவதற்கு, 0.15 மி.மீ. மட்டும் இறக்குகிறோம். 5 மி.மீ. தகட்டுக்கு 34 பாஸ் ஆகும். சுற்றளவு 300 மி.மீ. என்றால் ஒரு பாஸுக்கு ஒன்றரை நிமிடம், மொத்தம் 51 நிமிடம். “மெஷின் எப்பப் பார்த்தாலும் செயலாளர் கையிலேயே இருக்கு” என்ற புகாருக்கு இதுதான் பதில்.

டூலை, அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்குள் நன்றாகத் தள்ளி, தேவையான அளவு மட்டும் வெளியே விடுங்கள். வெளியே நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால் டூல் வளைவது எட்டு மடங்காகும். லீட் ஸ்குரூ நட்டில் ஆட்டம் இருக்கும்வரை டூல் சுழலும் பக்கமாகவே தகடு நகரும் கிளைம்ப் முறையில் பெரிய வெட்டு எடுக்காதீர்கள். டூலே மேஜையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தகடு எது என்பதும் முக்கியம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவை சுத்தமாக வெட்டுப்படுகிறது. பாத்திரத்துக்கு வரும் மெல்லிய அலுமினியத் தகடு மிருதுவானது, டூலில் அப்பிக்கொள்ளும். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கி வந்து, மெஷின் சரியில்லை என்று சொல்லும் அன்பர்கள் கவனிக்கவும். ஈயம் கலந்த பித்தளை எந்த எண்ணெயும் இல்லாமல் அழகாக வெட்டுப்படுகிறது. வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை அப்படிச் செய்ததுதான். இரும்பு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன், இனியும் அனுப்புவேன். இந்த மெஷினின் சட்டகத்துக்கு அந்த விறைப்பு இல்லை.

அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் சில சொட்டு தொட்டு வைத்தால் போதும். தண்ணீர் கலந்த கூலன்ட் அடியில் இருக்கும் எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையை உப்ப வைக்கும். ஒருவர் எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஸ்பிரே பாட்டிலில் கொண்டுவந்து, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடும்போதே அதற்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தார். அந்த 775, கார்பன் பிரஷ் உரசி ஓடும் மோட்டார். உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும். பாட்டில் இப்போது என் அலமாரியில் பூட்டியிருக்கிறது. அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஸ்பிண்டிலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கிக்குப் பதிலாக, அலுமினியத் தாங்கியை அதே மெஷினில் வெட்டி அதிலேயே மாட்டியிருக்கிறோம். நடுக்கம் குறைந்திருப்பதை வெட்டின ஓரத்தைத் தடவிப் பார்த்தாலே தெரியும். தகடு மேஜையில் வைக்கப்பட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி வைத்துவிடுங்கள்.

திருப்பி வைப்பது என்றதும் இன்னொன்று. ‘ஒரு நாளைக்கு’ என்று வீட்டுக்குப் போன எண்ட் மில்கள் பல இன்னும் அந்த ஒரு நாளிலேயே இருக்கின்றன. முனை உடைந்ததைத் துடைத்து டப்பாவில் அதே இடத்தில் சொருகி வைப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகாது.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், செலவு வரவைவிடச் சற்றுக் கூடுதல். சென்ற ஆண்டுக் கையிருப்பில் சமாளித்தோம். டூல் செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவு, வாடகை பலர் நினைப்பதைவிட அதிகம். பட்டியலில் 46 உறுப்பினர்கள் இருக்கிறோம். மாதச் சந்தா 200 ரூபாயை ஆண்டு முழுக்கக் கட்டியவர்கள் 19 பேர். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் நம்முடையது. ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்குத் தர வேண்டும். “அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேங்க” என்பதை அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பொருளாளர் என்னைக் கேட்கிறார். சங்கப் பணம் வீணாகிறது என்று சென்ற ஆண்டு உரக்கப் பேசியவர்களில் சிலருடைய பெயரும் பாக்கிப் பட்டியலில் இருப்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம் தந்து ஆதரிக்கும் கட்டட உரிமையாளருக்கும், கணக்கைப் பார்த்துத் தந்த தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த துணைத் தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி. சீவலைத் தினமும் கூட்டி அள்ளிய அக்காவுக்குத் தனியாக நன்றி. கன்ட்ரோல் போர்டு மேல் ஒரு துணுக்கு விழுந்தாலும் ஷார்ட் ஆகியிருக்கும். போர்டுக்கு இப்போது அக்ரிலிக் மூடி போட்டாகிவிட்டது.

அடுத்த ஆண்டைப் பற்றி. தாங்கி தயார் என்பதால் 500 வாட் ஸ்பிண்டில் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். புதிதாக நிதி திரட்ட வேண்டியதில்லை, பழைய பாக்கியில் பாதி வந்தாலே ஸ்பிண்டிலும் பவர் சப்ளையும் வாங்கி மிச்சம் இருக்கும். வராவிட்டால் மெஷின் மறுபடியும் அக்ரிலிக் சாவிக்கொத்து வெட்டும். எனக்கு அதில் கோபம் இல்லை.

செயலாளர் பொறுப்பு இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. நான்கு ஆண்டு ஆகிவிட்டது, வீட்டிலும் கேட்கிறார்கள். யாராவது முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சந்தா பாக்கி உள்ளவர்கள் போட்டியிட முடியாது என்று நம் விதி சொல்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கதவருகே உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்