ஆடி மாதக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மாத்திரையையும் அவரே நிறுத்திக்கொண்டார். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். கணக்கு விஷயம் காதில் நிற்காது, தாளில்தான் நிற்கும். அதனால்தான் இந்தக் கடிதம். ரெண்டு தடவையாகப் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

போன வாரம் நீ சொன்னாயே, ஆபீஸ் வேலைக்கு மேல் பிளவுசுக்குப் போடுகிற ஆரி எம்ப்ராய்டரி வேலையில் மாதம் ஏழெட்டாயிரம் வருகிறது, எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று. போஸ்ட் ஆபீஸில் மாதத் தவணையாகக் கட்டுகிற ஆர்.டி. சேமிப்புக்கு ஏஜென்டாக வீடு வீடாகப் போகிற எனக்கு இது தினமும் கேட்கிற பாட்டு. அதிலும் இதைப் பாடுவது பெரும்பாலும் கொஞ்சம் மேல்வரும்படி உள்ளவர்கள்தான். ஆபீஸ் சம்பளப் பணத்துக்கு நீ ஏற்கெனவே வேலை வைத்திருக்கிறாய்: பி.ஜி. விடுதி வாடகை, பஸ் பாஸ், எங்களுக்கு அனுப்புவது. ஆரிக் காசுக்கு நீ எந்த வேலையும் வைக்கவில்லை. சம்பளம் விழுகிற அதே கணக்கில் ஜி.பே.யில் வந்து விழுகிறது, ராத்திரி பிரியாணியாகவும் சனிக்கிழமை ஆட்டோவாகவும் வெளியே போகிறது. செலவு செய்ததாகக்கூட உனக்குத் தோன்றாது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த ஏழெட்டாயிரம் உண்மையிலேயே ஏழெட்டாயிரம்தானா?

நம் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாங்கி வந்து நம் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்காவை உனக்குத் தெரியும். அவர் இடுப்பில் இருக்கிற சுருக்குப்பையைப் பார்த்திருக்கிறாயா? உள்ளே தடுப்புத் தைத்து வைத்திருக்கிறார். பூ விற்ற காசு வர வர, முதலில் மறுநாள் பூ எடுப்பதற்கான பணம் ஒரு பக்கம் போய்விடும். அதுதான் முதல், அதாவது வியாபாரத்தில் போட்ட பணம். அதை உயிர் போனாலும் தொட மாட்டார். அடுத்தது அவருடைய கூலி, வீட்டுச் செலவுக்கு. அதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் அது லாபம். முகூர்த்த நாளில் மல்லிகை ஆயிரக்கணக்கில் ஏறினாலும் சரி, சீந்துவார் இல்லாமல் கிடந்தாலும் சரி, இந்த வரிசை மாறாது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அவருக்கு எவ்வளவு லாபம் என்று எந்த நேரம் கேட்டாலும் சொல்வார். உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் தோழிக்குப் போட்ட கல்யாண பிளவுசையே எடுத்துக்கொள். 3,500 வாங்கினாய். ஜரி நூல், சுகர் பீட்ஸ், குந்தன், லைனிங் துணி, அங்கே பெங்களூர் சிக்பேட் கடைகளுக்குப் போய்வந்த செலவு எல்லாம் சேர்த்து 900 என்றாய். மீதி 2,600 லாபம் என்று சந்தோஷப்பட்டாய். ரெண்டு சனி, ரெண்டு ஞாயிறு ஃப்ரேம் முன்னால் கழுத்து வலிக்க உட்கார்ந்தாயே, அது எங்கே போயிற்று? சிக்பேட்டில் கூலிக்கு உட்காருகிற ஆரிக்காரருக்கு ஒரு நாளைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்துப் பார். அதை நான்கால் பெருக்கி 2,600-இல் கழித்துவிட்டு மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று சொல். அனேகமாக நீ உன் தோழியின் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறாய், அவ்வளவுதான்.

தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எவ்வளவு குறைத்தோம் என்று நோட்டில் எழுதிவிட்டுக் குறை. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் துணியில் ஊசி வைக்காதே. கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பாய். டெய்லரிடம் நாம் முன்பணம் கொடுக்கும்போது அவர் கூச்சப்படுகிறாரா என்ன?

சரி, இனி எங்கே போடுவது என்ற கதை. ஆரிக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திற. வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற க்யூ.ஆர். அந்தக் கணக்குடையதாக இருக்கட்டும். நூலும் பாசியும் அதிலிருந்தே வாங்கு. உன் கூலியை மட்டும் மாதம் ஒரு தடவை சம்பளக் கணக்குக்கு மாற்றிக்கொள். அதை வைத்துப் பிரியாணி சாப்பிடு, யாரும் கேட்க மாட்டோம். மிச்சம் நிற்பது எவ்வளவு என்று மூன்று மாதம் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும்.

அந்த மிச்சத்துக்குத்தான் ஆர்.டி. நான் ஏஜென்ட் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு ஆயிரத்துக்கு நாற்பது ரூபாய் கமிஷன், அது உனக்கும் தெரியும். உன் கணக்கில் எனக்குக் கமிஷனே வேண்டாம், நீயே போஸ்ட் ஆபீஸ் பேங்கின் ஐ.பி.பி.பி. ஆப்பில் கட்டிக்கொள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், வட்டியை விடக் கட்டாயம்தான் உனக்கு இப்போது தேவை. 100 ரூபாயிலிருந்து போடலாம். ஐந்து வருஷம், அறுபது தவணை. இப்போது வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டி அசலோடு சேர்ப்பார்கள். அரசு வட்டியை அப்புறம் மாற்றினாலும் நீ திறந்த நாளில் இருந்த விகிதம் உன் கணக்குக்குக் கடைசி வரை இருக்கும். மாதம் 2,000 கட்டினால் நீ போடுவது 1,20,000, கையில் வருவது 1,42,000-க்குக் கொஞ்சம் மேலே. பணக்காரி ஆகிவிட மாட்டாய். ஆனால் ஒரு லட்சத்து இருபதாயிரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்காது.

எவ்வளவுக்குப் போடுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆவணியில் கை நிறைய ஆர்டர் இருக்கும்போது வந்து, "அக்கா, ஐயாயிரத்துக்குப் போடுங்க" என்பார்கள். மார்கழியில் நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குழந்தை வந்து "அம்மா இல்லை" என்று சொல்லும். உன் தொழில் கல்யாணத்தை நம்பியது. ஆடியிலும் மார்கழியிலும் பிளவுசுக்கு யார் ஆரி போடுவார்கள்? அங்கே கன்னடக்காரர்களுக்கும் ஆஷாட மாதத்தில் கல்யாணம் கிடையாது. அவர்களுடைய மாதக் கணக்கு வேறு, நம் ஆடிக்கு முன்னாலேயே பெரும்பாலும் ஆரம்பித்துவிடும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் உனக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே வறட்சி. வரமகாலட்சுமி நோன்பு நெருங்கும்போதுதான் மறுபடி பிளவுஸ் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆகவே ஆடியில் உன்னால் எவ்வளவு கட்ட முடியுமோ, அதுதான் உன் ஆர்.டி. தொகை. 1,000 என்றால் 1,000. வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்போ ஆவணியிலும் தையிலும் கூடுதலாக வருவதை என்ன செய்வது என்பாய். அதற்கும் ஆர்.டி.யிலேயே வழி இருக்கிறது, கவுன்டரில் யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள். ஆறு தவணையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு 10 ரூபாய் தள்ளுபடி. பன்னிரண்டு தவணை சேர்த்துக் கட்டினால் நூறுக்கு 40. அதாவது 2,000 ரூபாய்க் கணக்கில் ஒரு வருஷத்தை ஒரேயடியாகக் கட்டினால் 800 ரூபாய் குறைத்துக்கொள்வார்கள். சீசனில் வந்த காசு ஆடியைத் தாண்டிவிடும், நீயும் ஆடியில் நிம்மதியாகத் தூங்கலாம். தவணை விட்டுப்போனால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது சின்ன விஷயம். நான்கு தவணை விட்டால் கணக்கே நின்றுபோகும். ரெண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கவில்லை என்றால் அதற்கு மேல் கட்ட முடியாது.

மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் கணக்கைத் திற. அப்படித் திறந்தால் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கையிலிருக்கும் காசு கரைவதற்குள் இது முடிந்துவிடும். பதினாறுக்கு மேல் திறந்தால் மாதக் கடைசி வரை நேரம் கிடைக்கும், உனக்கு அந்தச் சலுகை ஆகாது.

நடுவில் அவசரம் வந்தால் உடைக்காதே. மூன்று வருஷத்துக்குப் பிறகு உடைக்கலாம்தான். ஆனால் முதிர்வுக்கு ஒரே ஒரு நாள் முன்னால் உடைத்தாலும் மொத்தத்துக்கும் சேமிப்புக் கணக்கு வட்டிதான், 4 சதவீதம். அதை விட, ஒரு வருஷம் ஓடி பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். ஆர்.டி. வட்டிக்கு மேல் ரெண்டு சதவீதம் வைப்பார்கள். கிரெடிட் கார்டு வட்டியோடு பார்த்தால் இது வட்டியே இல்லை.

இன்னும் மிஞ்சினால் பி.பி.எஃப். என்கிற அரசின் நீண்ட காலச் சேமிப்புத் திட்டத்தில் போடு. வருஷத்துக்கு 500-லிருந்து ஒன்றரை லட்சம் வரை, மாதாமாதம் என்ற கட்டாயம் கிடையாது, அதனால் உன் போல் ஏறி இறங்கும் வரும்படிக்கு ஒத்துவரும். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது, வட்டிக்கு வரியும் இல்லை. எந்த மாதம் போட்டாலும் 5-ஆம் தேதிக்குள் போடு. ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கிற குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி போட்டால் அந்தப் பணத்துக்கு அந்த மாதம் சும்மா. பதினைந்து வருஷம் என்றதும் முகம் சுளிக்காதே. எடுக்க முடியாமல் கிடப்பதுதான் அதன் குணமே.

நகைக்கடைச் சீட்டு போடலாமா என்று கேட்டாய். அது என் பரம எதிரி, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே கேள். பதினொரு மாதத்தோடு ஏன் முடிக்கிறார்கள் தெரியுமா? பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தந்து தீர்க்க வேண்டும், தாண்டினால் அது டெபாசிட் கணக்கில் வந்துவிடும் என்று 2014-இல் கம்பெனிகளுக்கு விதி வந்தது. நகை எடுக்கத்தான் போகிறாய் என்றால் போடு. சேமிப்பு என்று நினைத்துப் போடாதே, கடைசியில் அவர்கள் காட்டுகிற டிசைனுக்குள்தான் உன் காசு அடங்கும்.

அப்புறம் அந்த எம்ப்ராய்டரி மெஷின். இ.எம்.ஐ.யில் எடுக்கிறேன் என்றாய். இப்போது வேண்டாம். ஆரிக் கணக்கில் நிற்கிற லாபத்திலிருந்து பாதி விலை சேரட்டும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் கடன்தான் என்றால் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் சிசு என்று ஒரு பிரிவு இருக்கிறது, 50,000 வரை, அடமானம் கேட்க மாட்டார்கள். அதற்கு முன்னால் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துவை. அரசுத் தளத்தில் அது இலவசம். பதிவுக்குப் பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வா.

உன் அறைத் தோழி டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டு 150 ரூபாய் சம்பாதித்தாள் என்று சொன்னாயே, அவளிடம் இன்றைக்கே பேசு. முதலில் 150 தருவார்கள், அடுத்த நாள் 300 தருவார்கள். அப்புறம் பெரிய டாஸ்க்குக்கு நீ 5,000 கட்டு என்பார்கள். ஆப்பில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் வரி கட்டு, டெபாசிட் கட்டு என்று இன்னும் கறப்பார்கள். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யச் சொல். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாளோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

ஆபீஸ் விஷயம் ஒன்று. சேரும்போது கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரை எடுத்து, வேறு தொழில் செய்யக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று படி. இருந்தால் எச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டு அனுமதி கேட்டுவிடு. ஆபீஸ் லேப்டாப்பில் ஆரி போட்டோ அனுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஆரி வரும்படியையும் காட்டு. முதல், கூலி என்று நோட்டில் எழுதிவைத்தால் அந்த வேலையும் பாதி முடிந்த மாதிரிதான். ஆர்.டி. வட்டிக்கும் வரி உண்டு, அதையும் மறைக்காதே. பி.பி.எஃப். போட்டதற்கு வரிக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். நீ புதிய முறையில் இருக்கிறாய் என்றால் அதை நம்பிப் போடாதே.

கண்ணைப் பார்த்துக்கொள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஊசி எடுக்காதே. நல்ல வெள்ளை வெளிச்சத்தில் ஒரு டேபிள் லேம்ப் வாங்கு, அதை முதல் கணக்கில் எழுதிக்கொள். விளக்குத்தூண் பக்கம் போகும்போது நூல் விலை கேட்டு வைக்கிறேன். சிக்பேட்டை விடக் குறைவாக இருந்தால் பார்சலில் போட்டுவிடுகிறேன். பணம் ஆரிக் கணக்கிலிருந்து அனுப்பு, ஓசிக்கு வேண்டாம்.

கணக்கு திறந்ததும் நம்பரை அனுப்பு. நாமினி இடத்தில் என் பெயரைப் போடு. அப்பா பெயரைப் போட்டால் பாஸ்புக்கை எங்கே வைத்தார் என்று நான்தான் தேடவேண்டும்.

அன்புடன்,
அம்மா