கோரிக்கை மனு: தலாய் லாமாவோட வாரிசு விஷயத்துல நம்ம பார்லிமென்ட் தெளிவா பேசணும்

அனுப்புநர்:
ஒரு சிறு வியாபாரி,
கார்டன் ரோடு, ஊட்டி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு வெளியுறவுத்துறை அமைச்சர் அவர்கள்,
இந்திய அரசு, புது தில்லி.

நகல்: எங்க தொகுதி எம்.பி. அவர்களுக்கு.

பொருள்: திபெத்துக்காக மத்த நாட்டு எம்.பி.க்கள் பேசுற மாதிரி நம்ம பார்லிமென்ட்டும் பேசணும், அரசு அதுக்குத் துணையா நிக்கணும்னு கேட்டு.

ஐயா, வணக்கம்.

உங்களுக்கு தமிழ் நல்லா தெரியும்ங்கிறதால யார்கிட்டயும் இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொல்லாம நானே தமிழ்ல எழுதுறேன். பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல டீத்தூள், தைலம், வர்க்கி விக்கிற கடை என்னோடது. சீசன் நேரத்துல உள்ள வந்து போற கூட்டம்தான் எங்க பொழப்பு. அங்கேயே திபெத்தியன் மார்க்கெட்டும் இருக்கு, ஊட்டிக்கு வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஸ்வெட்டர், மப்ளர், கம்பளித் தொப்பி விப்பாங்க. அங்க கடை வெச்சிருக்கிற ஒரு அம்மாவ நாங்க எல்லாரும் அமாலான்னுதான் கூப்பிடுவோம், அவங்க பாஷையில அம்மான்னு அர்த்தம். எங்க அம்மா தவறினப்ப மூணு நாள் கடையத் திறக்காம எங்க வீட்லயே இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டவங்க. அதனால இந்த மனு யாரோ வெளிநாட்டுக்காரங்களுக்காக எழுதுறது இல்லைங்க ஐயா, எங்க வீட்டு ஆளுக்காக எழுதுறேன்.

அமாலாகிட்ட பழைய போன் ஒண்ணு இருக்கு, கண்ணாடி விரிசல் விட்டது. சிம் கிடையாது, ஆனா தினமும் சார்ஜ் போட்டு கைக்குட்டையில சுத்தி கல்லாப்பெட்டிக்குள்ள வெச்சிருப்பாங்க. அதுல 2020 ஜூன் மாசம் வீசாட்ங்கிற சீன ஆப்ல வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கு. அனுப்பினது திபெத்துல காம் பகுதியில இருக்கிற அவங்க தம்பி. இந்த வருஷம் மலையில யார்ட்சா குன்பு சரியா கிடைக்கல, முழங்கால் வலிக்குது, நீ குளிர்ல நிக்காதன்னு சொல்றாரு, அவ்வளவுதான். புல்லுக்கு அடியில தோண்டி எடுக்கிற மருந்துக் காளான்தான் அது, அங்க பல குடும்பத்துக்கு வருஷ வருமானமே அதுலதான். அந்த மாசக் கடைசியில நம்ம நாட்டுல வீசாட்ட தடை பண்ணிட்டாங்க. அந்த முடிவ நான் தப்பு சொல்ல வரல, எல்லையில கல்வான்ல சீனாவோட நடந்த மோதல்ல 20 வீரர்கள பறிகொடுத்துட்டு நின்ன நேரம் அது. ஆனா அன்னைக்கு அறுந்த தொடர்பு இன்னும் சேரல. வேற வழியில கூப்பிட்டாலும் வெளிநாட்டு உறவோட பேசினேன்னு அங்க தம்பியத்தான் பிடிச்சு விசாரிப்பாங்கன்னு பயந்து இவங்களும் கூப்பிடுறதில்ல. தம்பி உயிரோட இருக்காரா இல்லையான்னே இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இத ஏன் முதல்ல சொன்னேன்னா, திபெத்னாலே எல்லாரும் அரசியல், எல்லைக்கோடு, பெரிய நாடுகளோட விளையாட்டுன்னுதான் பேசுறாங்க, அடியில இருக்கிறது இந்த மாதிரி வாழ்க்கைங்க.

திபெத்திய பௌத்தர்களோட தலைமை குரு தலாய் லாமா. அவர் காலமானா மறுபடி பிறந்து வருவாருன்னு நம்பி, அந்தக் குழந்தையத் தேடிக் கண்டுபிடிச்சுத்தான் அடுத்த தலாய் லாமாவாக்குவாங்க. 2025 ஜூலை 2ஆம் தேதி, 90 வயசு முடியறதுக்கு நாலு நாள் முன்னாடி, தலாய் லாமா அவர்கள் ஒரு அறிவிப்பு விட்டாரு. தலாய் லாமாங்கிற மரபு தனக்கு அப்புறமும் தொடரும், அடுத்த மறுபிறவிய அடையாளம் காண்ற அதிகாரம் தன்னோட காதென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டும்தான், வேற யாருக்கும் அதுல தலையிட உரிமை இல்லன்னு. சீனா உடனே மறுத்துச்சு, தங்கக் கலசத்துல சீட்டு போட்டு பெய்ஜிங் ஒப்புதலோடதான் தேர்ந்தெடுக்கணும்னு. மறுபிறவி எடுக்கிற லாமாவுக்கு அரசாங்கத்துகிட்ட பர்மிஷன் வேணும்னு 2007லயே அவங்க ஒரு ஆணை போட்டிருக்காங்க. கடவுள் நம்பிக்கையே இல்லாத ஒரு கட்சி, செத்தவர் எங்க வந்து பிறக்கணும்னு ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணுது, இத எந்த மதத்துக்காரராலயும் ஏத்துக்க முடியாதுங்க.

அப்போ நம்ம மத்திய அமைச்சர் கிரண் ரிஜிஜு அவர்கள், இத முடிவு பண்ற உரிமை தலாய் லாமாவுக்கும் அந்த மரபுக்கும் மட்டும்தான்னு சொன்னாரு. அத கேட்டுட்டு அன்னைக்கு சாயங்காலம் அமாலா மார்க்கெட்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாங்க. அடுத்தடுத்த நாள்லயே, ஒரு பக்தராத்தான் பேசினேன்னு அவரே சொன்னாரு, மத நம்பிக்கை விஷயத்துல இந்திய அரசு எந்த நிலைப்பாடும் எடுக்கிறதில்லன்னு ஒரு விளக்கமும் வந்துச்சு. அந்த விளக்கம் உங்க துறையிலிருந்து வந்தது. அத பத்தித்தான் என் கோரிக்கையே.

இது மத நம்பிக்கை விஷயம் மட்டும் இல்லைங்க ஐயா. தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குருவான பஞ்சன் லாமா விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும். 1995 மே 14ஆம் தேதி கெதுன் சோக்கி நியிமாங்கிற 6 வயசுப் பையன தலாய் லாமா பஞ்சன் லாமாவா அறிவிச்சாரு, மூணே நாள்ல அந்தப் பையனையும் அப்பா அம்மாவையும் சீன அதிகாரிங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்கள வெளிய யாரும் பார்க்கல. இன்னைக்கு அவருக்கு 36 வயசு தாண்டியிருக்கும். அவர் இடத்துல பெய்ஜிங் வேற ஒருத்தர உக்கார வெச்சிருக்கு. நாளைக்கு தலாய் லாமா விஷயத்துலயும் இதேதான் நடக்கப் போகுதுன்னு ஊட்டியில ஸ்வெட்டர் விக்கிற அம்மாவுக்கே தெரியுது. அப்படி பெய்ஜிங் நியமிக்கிற ஒருத்தர் நாளைக்கு அருணாச்சல்ல இருக்கிற தவாங் மடத்துக்கும் லடாக் மடங்களுக்கும் ஆணை அனுப்பினா, அது மதமா பாதுகாப்பா? அந்த மடங்கள் எல்லாம் நம்ம எல்லையிலதான் இருக்கு.

மத்த நாட்டு பார்லிமென்ட்டுகள் இதுல ரொம்ப தூரம் போயிட்டாங்க. அமெரிக்காவுல 2002லயே திபெத் கொள்கைக்குன்னு சட்டம் போட்டாங்க, 2020 டிசம்பர்ல இன்னொண்ணு வந்துச்சு, தலாய் லாமாவோட வாரிசு தேர்வுல தலையிடுற சீன அதிகாரிங்க மேல தடை போடலாம்னு அதுல எழுதியே இருக்கு. 2024 ஜூன் 12ஆம் தேதி அவங்க பிரதிநிதிகள் சபையில திபெத்-சீனா பிரச்சனைய பேச்சுவார்த்தையில தீர்க்கச் சொல்ற மசோதா 391க்கு 26ன்னு பாஸ் ஆச்சு, சரியா ஒரு மாசத்துல, ஜூலை 12ஆம் தேதி, கையெழுத்தாகி சட்டமாயிடுச்சு. நடுவுல மைக்கேல் மெக்கால், நான்சி பெலோசின்னு எதிரெதிர் கட்சிக்காரங்க ஒண்ணா தர்மசாலா வந்து தலாய் லாமாவ பார்த்தாங்க. எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு கட்சி இதுல ஒத்துப்போறாங்க. அதே ஜூன் மாசம் கனடா பார்லிமென்ட்ல திபெத்தியர்களுக்கு சுயநிர்ணய உரிமை இருக்குன்னு ஏகமனதா தீர்மானம் போட்டாங்க. திபெத்துல பிள்ளைங்கள வீட்ட விட்டுப் பிரிச்சு போர்டிங் ஸ்கூல்ல போட்டு சீன மொழியிலயே வளர்க்கிறாங்க, கிட்டத்தட்ட 10 லட்சம் பிள்ளைங்கன்னு ஐ.நா. நிபுணர்கள் 2023 பிப்ரவரியில சொன்னாங்க, அத நிறுத்தச் சொல்லி அந்த வருஷம் டிசம்பர்ல ஐரோப்பிய பார்லிமென்ட் தீர்மானம் போட்டுச்சு. (தாய்மொழியில பள்ளிக்கூடம் வேணும்னு கேட்ட தாஷி வாங்சுக்குங்கிற கடைக்காரர 5 வருஷம் ஜெயில்ல போட்ட நாடு சீனா. அவரும் என்னை மாதிரி ஒரு சின்ன வியாபாரிதான். மொழிக்காகப் போராடின ஊர்ல பிறந்தவன் நான், அதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.)

இதெல்லாம் நல்லதுதான். ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு, அத மறைக்காம சொல்லிடுறேன். இந்த வேலைய உலகத்துக்கு ஆரம்பிச்சு வெச்சதே நாமதான். திபெத்துக்கான உலக எம்.பி.க்கள் மாநாடு முதல் முதல்ல நடந்தது 1994 மார்ச்ல நம்ம டெல்லியில. அப்புறம் வில்னியஸ், வாஷிங்டன், எடின்பரோ, ரோம், ஒட்டாவா, ரிகா, திரும்ப வாஷிங்டன், 2025 ஜூன்ல டோக்கியோன்னு ஒம்பது மாநாடு ஆயிடுச்சு, ஒண்ணு கூட திரும்ப இந்தியாவுக்கு வரல. தலாய் லாமா இங்க இருக்காரு, நாடு விட்டு வந்த திபெத்தியர்களோட 45 பேர் கொண்ட பார்லிமென்ட் 1960ல இருந்து இங்க நடக்குது, அப்படி வந்தவங்கள்ல நிறைய பேர் இங்க இருக்காங்க, மாநாடு மட்டும் வேற எங்கயோ நடக்குது. கல்யாணப் பொண்ணு நம்ம வீட்ல இருக்க, பந்தல ஊர் எல்லையில போட்ட கதையா இருக்குங்க.

நாம பேசாத நாடும் இல்ல. 1959 மார்ச் 31ஆம் தேதி தவாங் வழியா தலாய் லாமா உள்ள வந்தப்ப இடம் குடுத்தோம். 1965ல ஐ.நா. சபையில திபெத் மக்களோட உரிமைக்கான தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டு போட்டோம். இப்போ கர்நாடகாவுல இருக்கிற பைலக்குப்பேயில அவங்க குடியிருக்க அப்போதைய மைசூர் அரசு நிலம் குடுத்துச்சு, அமாலா வளர்ந்ததே அங்கதான். நம்ம ராஜாஜி அந்தக் காலத்துலயே திபெத்துக்கு நடக்கிறது அநியாயம்னு வெளிப்படையா பேசினவரு. எல்லா கட்சி எம்.பி.க்களும் சேர்ந்த திபெத் ஆதரவு குழு இன்னைக்கும் நம்ம பார்லிமென்ட்ல இருக்கு. 2021 டிசம்பர்ல அவங்க டெல்லியில திபெத்தியர்கள் வெச்ச ஒரு விருந்துக்குப் போனதுக்கு சீனத் தூதரகம் எம்.பி.க்களுக்கே நேரா லெட்டர் போட்டு, இனி இந்த மாதிரி பண்ணாதீங்கன்னு சொன்னப்ப, அந்த லெட்டரோட தொனியே முறையானது இல்ல, எங்க எம்.பி.க்கள் அவங்க கருத்துப்படி நடந்துக்குவாங்கன்னு உங்க துறை பதில் குடுத்துச்சு. அதப் படிச்சப்ப மனசு நிறைஞ்சு போச்சு. அந்த தைரியத்தத்தான் இப்போ திரும்பக் கேக்குறேன்.

ஐயா, நான் கேக்குறது இதுதான். அடுத்த தலாய் லாமாவ முடிவு பண்றது தலாய் லாமாவும் அவர் நியமிச்ச அறக்கட்டளையும் மட்டும்தான், வேற எந்த அரசாங்கம் நியமிக்கிறவரையும் இந்தியா ஏத்துக்காதுன்னு பார்லிமென்ட்ல நீங்க ஒரு அறிக்கை குடுக்கணும். லோக்சபாவுலயும் ராஜ்யசபாவுலயும் இது சம்பந்தமா தீர்மானம் கொண்டு வர்ற எம்.பி.க்களுக்கு, அவங்க எந்தக் கட்சியா இருந்தாலும், அரசு முட்டுக்கட்டை போடாம வழி விடணும். அடுத்த உலக எம்.பி.க்கள் மாநாட்ட டெல்லியில நடத்த அனுமதியும், வர்ற வெளிநாட்டு எம்.பி.க்களுக்கு தாமதமில்லாம விசாவும் குடுக்கணும். சீனாவோட அடுத்த பேச்சுவார்த்தையில பஞ்சன் லாமா எங்க இருக்காருன்னு பேர் சொல்லிக் கேக்கணும்.

இன்னும் ஒண்ணு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். 5 வருஷம் நின்னு போயிருந்த கைலாஷ் மானசரோவர் யாத்திரை 2025 ஜூன்ல திரும்ப ஆரம்பிச்சுது. சீனாவோட பேசி இதெல்லாம் திறக்க முடியுதுன்னா, இங்க இருக்கிற திபெத்தியர்கள் அங்க இருக்கிற கூடப்பிறந்தவங்களோட பயமில்லாம போன்ல பேசுறதுக்கு, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வர்றதுக்கு ஒரு ஏற்பாட்டையும் அந்த மேஜையில வைக்கணும். நம்ம யாத்ரிகர்கள் அவங்க நாட்டு மலையச் சுத்திட்டு வர்றாங்க, அந்த மண்ணுல வேர் இருக்கிறவங்க மட்டும் போக முடியல.

இதெல்லாம் பண்ணா சீனா கோபப்படும், எல்லையில தொல்லை குடுக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, அந்தக் கவலை நியாயமானதுதான், அத சுமக்கிறது நீங்க, நான் இல்ல. ஆனா நாம பேசாம இருந்த வருஷங்கள்லயும் எல்லையில டோக்லாம் தகராறு நடந்துச்சு, கல்வான் நடந்துச்சு, நம்ம பிரம்மபுத்திராவுக்கு மேல யார்லுங் சாங்போவுல உலகத்துலயே பெரிய நீர்மின் திட்டத்த 2025 ஜூலையில ஆரம்பிச்சுட்டாங்க. பேசாம இருந்ததுக்கு ஒரு சலுகையும் கிடைச்ச மாதிரி எனக்குத் தெரியல. திபெத்தியர்கள் தனி நாடு கூட கேக்கல, சீனாவுக்குள்ளயே உண்மையான சுயாட்சி குடுங்கன்னுதான் கேக்குறாங்க. அதுக்கும் 2010க்கு அப்புறம் முறையான பேச்சுவார்த்தையே நடக்கல.

நீங்க 2009ல இருந்து 2013 வரைக்கும் பெய்ஜிங்ல நம்ம தூதரா இருந்தீங்க. அந்த வருஷங்கள்லதான் சீன ஆட்சிய எதிர்த்து திபெத்திய பிக்குகளும் சாதாரண ஜனங்களும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா தீக்குளிச்சாங்க, இதுவரைக்கும் 150 பேருக்கு மேல. அந்தச் செய்தியெல்லாம் உங்க மேஜைக்கு வந்திருக்கும். இந்த நாட்டுல வேற எந்த அமைச்சருக்கும் இது உங்க அளவுக்குத் தெரிஞ்சிருக்காதுங்கிற நம்பிக்கையிலதான் உங்களுக்கே எழுதுறேன்.

அமாலாவுக்கு 64 வயசாகுது. இந்தியாவுல வளர்ந்தும் இன்னும் ஆர்.சி. புக்க, அதாவது இங்க தங்குறதுக்கான பதிவுச் சான்ற, புதுப்பிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, அதுல அவங்களுக்குக் குறை ஒண்ணும் இல்ல, இந்த நாடு சோறு போட்டுச்சுன்னுதான் எப்பவும் சொல்லுவாங்க. இந்த மனுவ அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். தம்பி பேரு, ஊர் பேரு எதையும் போட்டுடாதப்பான்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்க, அதனால போடல.

தயவுசெஞ்சு இந்த மனுவுக்கு எழுத்துல ஒரு பதில் குடுங்க ஐயா, தமிழ்ல வந்தா அவங்களுக்கே படிச்சுக் காட்டுறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார்டன் ரோடு வியாபாரி, ஊட்டி.