43-க்குள் ஒரு 71

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. நானும் கொஞ்ச நாளாக ஒரு முட்டியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பயப்படாதே, என்னுடையது இல்லை. நூறு வயது தாண்டிய ஒரு ஜெர்மன் துப்பாக்கியுடையது.

இங்கே ஒஹாயோவில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய அப்பா 1945-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த லூகர் பி08 கைத்துப்பாக்கி, தோல் உறையோடு அலமாரியில் கிடந்திருக்கிறது. கொண்டுபோகலாம் என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்ட தாளும் உறைக்குள்ளேயே இருந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் எனக்குச் சிநேகிதம். பாட்டியை அவரிடம் கூட்டிப்போனேன். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அவர் பட்டறையில் எனக்கு எடுபிடி வேலை.

இதன் பொறிமுறை உனக்குப் பிடிக்கும். தானாகக் குண்டு ஏற்றிக்கொள்ளும் மற்றக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் மேல்மூடி பின்னால் சறுக்கும். இதில் இரண்டு இணைப்புத் துண்டுகள் நீட்டிய கால் மாதிரி நேராகப் படுத்திருக்கின்றன. சுட்டதும் குழலும் இந்தத் துண்டுகளும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் வரும். சட்டத்தில் உள்ள சரிவில் மூட்டு இடித்ததும் முட்டி மடங்குகிற மாதிரி மேலே மடங்கும். பழைய தோட்டாக்கூடு வெளியே, அடுத்த குண்டு உள்ளே. போர்ஹார்ட் என்பவருடைய துப்பாக்கியில் இருந்த யோசனைதான். அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் கேயார்க் லூகர். சுவிஸ் ராணுவம் 1900-லேயே எடுத்துக்கொண்டது, ஜெர்மன் தரைப்படை 1908-இல். பெயரில் இருக்கும் 08 அந்த வருடம்தான்.

பழுது ரொம்பச் சின்னது. குண்டு தீர்ந்ததும் முட்டி மடங்கிய நிலையிலேயே நிற்க வேண்டும், இதில் நிற்கவில்லை. அப்படி நிறுத்திவைக்கும் பிடிப்பானின் மெல்லிய தகடு ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. புதிது வாங்கிப் போட்டார், ஒடிந்ததைச் சின்ன உறையில் போட்டு, தேதி எழுதிப் பாட்டியிடமே கொடுத்துவிட்டார்.

சுவாரஸ்யம் அதற்கப்புறம்தான். குழலில் குண்டு உட்காரும் அறையின் மேலே இரண்டு வருடம்: 1917, 1920. முதலாவது செய்த வருடம். போரில் தோற்றபின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் படையை ஒரு லட்சம் பேருக்குச் சுருக்கியது. ஊரெல்லாம் துப்பாக்கி சிதறிக் கிடந்த நேரம் அது. அரசுடையது எது என்று பிரித்துக் காட்ட 1920 என்று முத்திரை குத்தினார்கள். ஆக, பாட்டியின் துப்பாக்கி இரண்டு படைகளில் வேலை பார்த்திருக்கிறது.

வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சின்னச் சின்னப் பாகங்களிலும் கொத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கையால் இழைத்துப் பொருத்தியதால், எது எதனுடையது என்று தெரிய வேண்டுமே. இதில் விரலால் இழுக்கும் விசை, பக்கத் தகடு, இணைப்புத் துண்டுகள் எல்லாம் 43. கழற்றும் நெம்புகோல் மட்டும் 71! யாரோ இரண்டு சிப்பாய்கள் ஒரே மேசையில் கழற்றித் துடைத்துவிட்டு மாற்றிப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியும் இதனுடையது இல்லை. 1917 என்றால் அடிக்கட்டை மரமாக இருக்க வேண்டும், இது பிற்காலத்து அலுமினியம்.

பாட்டியின் பேரன் அந்த 71-ஐ அரவி எடுத்துவிட்டு 43 கொத்தித் தரச் சொன்னான். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் விலை எங்கேயோ போகுமாம். மெக்கானிக் கோபப்படவில்லை. “அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை தம்பி, கள்ளக் கையெழுத்து” என்றார். அப்படியானால் பளபளவென்று இரும்புக்குப் புதுசாக நீல நிறம் ஏற்றியாவது கொடுங்கள் என்றான். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். அமிலம் தடவி, துருவேற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்து, தேய்த்து, திரும்பத் திரும்பச் செய்து ஏற்றிய பழைய நீலம் அது. பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரத்தில் ஒருமுறை காட்டினால் முத்திரைகளின் ஓரமெல்லாம் மழுங்கிவிடும்.

விசையும் சேஃப்டி நெம்புகோலும் மட்டும் தங்கம் மாதிரி மினுங்குகின்றன. நான் முதலில் முலாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், நாம் உளியைச் சூடாக்கி டெம்பர் பண்ணும்போது நீலத்துக்கு முன்னால் வருமே, அதே வைக்கோல் நிறம்! வாத்தியார் அந்த நிறத்தைத் தவறவிட்டதற்காக உன் தலையில் குட்டியது ஞாபகம் வந்து, பட்டறையில் தனியாகச் சிரித்தேன்.

என் குட்டையும் சொல்லிவிடுகிறேன். இடது கைப்பிடி மரத்தை அவசரமாகக் கழற்றப் போய், சேஃப்டியை ஒட்டிய மெல்லிய மூலையில் ஒரு சில்லு பெயர்த்துவிட்டேன். லூகரில் எல்லோரும் உடைக்கிற இடம் அதுதானாம். தெரிந்து என்ன பிரயோஜனம்? பாட்டி திட்டவில்லை. பசை வைத்து ஒட்டியாயிற்று, உற்றுப் பார்த்தால் கோடு தெரியும்.

உன் பழைய லேத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தருவதாகச் சொன்ன கியரை அரவிப் பொருத்திவிடாதே. பல் எத்தனை, துளை எவ்வளவு, ஓரத்தில் எண் ஏதாவது கொத்தியிருக்கிறதா என்று பார்த்து எழுது. இங்கே பழைய சாமான் சந்தையில் தேடிப் பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் போகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்