வானத்தைத் தாங்கும் பறவை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அயர்லாந்துக் கிராமங்களின் பறவைக் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை டப்ளினில் இருந்துகொண்டு ஆவலோடு படித்தேன். கழுகின் இறகுக்குள் ஒளிந்திருந்து, கடைசியில் அதைவிட ஒரு முழம் மேலே பறந்து பறவைகளுக்கு அரசனான ரென் குருவியையும், டிசம்பர் 26 அன்று டிங்கிள் ஊரில் வைக்கோல் உடையும் மேளமுமாகச் சுற்றிவரும் கூட்டத்தையும் கட்டுரையாளர் நன்றாகவே வர்ணித்திருக்கிறார். அந்த நாளுக்காக முன்பு அந்தக் குருவியை வேட்டையாடிக் கம்பத்தில் கட்டியது கொடுமைதான். இப்போது பொம்மைக் குருவியைத்தான் கட்டுகிறார்கள். ஆனால் எல்லாக் கதைகளையும் சேர்த்து ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராபின் என்ற சிறு பறவையைக் கொன்றவன் கையில் கட்டி வரும் என்று இங்கே பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பயத்தில் எத்தனை கூடுகள் பிழைத்திருக்கும்! 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதிய கதைகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கட்டுரையாளர் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அவர் விட்டுவிட்ட பறவை ஒன்று உண்டு. கார்ன்கிரேக், நம் கானாங்கோழியின் குடும்பம். மல்லாந்து படுத்து, வானம் விழாதபடி கால்களால் தாங்கிக்கொண்டுதான் அது கத்துகிறது என்பது கதை. குளிர்காலத்தில் வேறொரு நீர்ப்பறவையாக மாறிவிடும் என்றும் நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? ஆப்பிரிக்காவிலிருந்து இரவோடு இரவாக வந்து, புல்லுக்குள் புகுந்து, இரவோடு இரவாகத் திரும்பிவிடும் பறவையை யார் கண்டது? காதால் மட்டுமே அறிந்த ஒன்றுக்கு அவர்கள் கண்ட விளக்கம் அது.

மேயோ மாவட்டக் கடலோரத்தில் ஒரு ஜூன் மாதம் தங்கியிருந்தபோது நானும் அதைக் கேட்டேன். சீப்பின் பற்களை நகத்தால் வருடியது போல ‘க்ரெக்ஸ், க்ரெக்ஸ்’ என்று கல்சுவர் ஓரத்துக் காஞ்சொறிப் புதரிலிருந்து வந்தது. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் கேட்டது. ஒரு மணி நேரம் நின்றும் ஓர் இறகைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் சிறுமியாக இருந்தபோது இந்தச் சத்தத்தில் ஊரே தூக்கம் கெட்டுக் கிடக்குமாம். கோடை முடிவில் கையால் புல் அறுத்த காலம் போய், இயந்திரங்கள் முன்கூட்டியே வயலில் இறங்கின. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுக்கையில் குஞ்சுகள் நடுவில் மாட்டிக்கொண்டு மடிந்தன. இப்போது நாடு முழுவதும் கூவும் ஆண் பறவைகள் சில நூறுதான்.

சுவரோரப் புல்லை ஆகஸ்ட் வரை தொடப்போவதில்லை என்றார் அந்த அம்மாள். அறுக்கும்போதும் நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுக்கச் சொல்லியிருக்கிறாராம், குஞ்சுகள் ஓடித் தப்ப வழி இருக்கட்டும் என்று.

— ஒரு வாசகி, டப்ளின்