'நாடகம்' என்று முடிவுகட்டாதீர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். என் தங்கைக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு இருக்கிறது. உணர்ச்சிகள் சட்டென்று கொந்தளிப்பதும், நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஆட்டிப்படைப்பதும் இந்த மனநலப் பாதிப்பின் அடையாளங்கள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பெயர் கோப்பில் ஏறுவதற்கு முன்பு அவள் சொன்னதை எப்படிக் காது கொடுத்துக் கேட்டீர்களோ, ஏறிய பிறகும் அப்படியே கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முன்பெல்லாம் வயிற்று வலி என்று வந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். இப்போது கோப்பைப் புரட்டிவிட்டு, "வீட்டுல ஏதாவது சண்டையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒருமுறை கையை அறுத்துக்கொண்டவளை அழைத்துப் போயிருந்தோம். மரத்துப்போகும் ஊசி போடாமலேயே தையல் போட ஆரம்பித்தார்கள். "அறுக்கும்போது வலிக்கல, இப்ப மட்டும் வலிக்குதா?" என்றார் தைத்தவர். அவள் வாய் திறக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. அடுத்த முறை அறுத்துக்கொண்டபோது துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். காயம் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கடிந்து பேசினால் திருந்துவாள் என்று நினைத்திருப்பார்கள். அவளோ மருத்துவமனைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இது ஏதோ ஒருவரின் குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. 1988-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பை மனநல மருத்துவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். முன்பே ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டவர் என்ற விவரம் அதில் இருந்தால் போதும், 'கவனத்தை ஈர்க்கப் பார்க்கிறார்', 'எரிச்சலூட்டுபவர்' என்ற எண்ணம் கூடியது, அனுதாபம் குறைந்தது. பயிற்சி பெற்ற கண்களையே அந்த ஒரு விவரம் திசைதிருப்பிவிடுகிறது. நீங்களும் அதற்கு விலக்கல்ல.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெருங்கிய தோழிக்கு ஒரு செய்தி அனுப்புவாள். படித்ததற்கான நீலக் குறி வந்திருக்கும், பதில் வந்திருக்காது. நீங்களோ நானோ 'வேலையாக இருப்பாள்' என்று போனைக் கீழே வைத்துவிடுவோம். என் தங்கைக்கு அந்த நேரத்தில் 'என்னை விட்டுப் போய்விட்டாள்' என்பது சந்தேகமே இல்லாத உண்மையாகிவிடுகிறது. கெஞ்சுவாள், திட்டுவாள், அந்த எண்ணையே முடக்குவாள், பிறகு மன்னிப்புக் கேட்டு அழுவாள். இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். இதைப் பார்த்துத்தான் 'ஆளை ஆட்டிவைக்கிறாள்' என்கிறார்கள். ஆட்டிவைக்கிறவர்களுக்குக் கணக்கு இருக்கும், நிதானம் இருக்கும். அவளிடம் அந்த நேரத்தில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

கூட இருப்பவர்களுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. சொல்லக்கூடாத சொற்களை நான் கேட்டிருக்கிறேன். அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. எல்லை வகுங்கள், கண்டிப்பாக இருங்கள். கேவலப்படுத்தாமலேயே அதைச் செய்ய முடியும்.

'இதற்கு மருந்து கிடையாது, இவர்கள் மாறமாட்டார்கள்' என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை இல்லை என்பது சரி. மாறமாட்டார்கள் என்பது தவறு. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி குழுவினர் பார்டர்லைன் உள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, பத்தாண்டு முடிவுகளை 2010-ல் வெளியிட்டார்கள். 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது கோளாறு என்று சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் அடங்கியிருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்ந்த முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. அந்த மீதிப் பாதிதான் உங்கள் உதவிக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் டிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையை உருவாக்கிய உளவியலாளர் மார்ஷா லினஹானே 17 வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் கிடந்தவர். 2011-ல்தான் அதை வெளியில் சொன்னார். பேராசிரியராகப் பெயர் பெற்ற பிறகும் சொல்ல அத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கிறது. என் தங்கை வயதுப் பெண் ஒருத்தி உங்கள் முன் உட்கார்ந்து எப்படி மனம் திறப்பாள், யோசித்துப் பாருங்கள்.

பார்டர்லைனுக்காவது பரிந்து பேச ஆள் இருக்கிறது. நார்சிசம் (தன்னையே பெரிதாக நினைப்பது), சமூக விரோத ஆளுமை (பிறர் உரிமைகளை மதிக்காதது) போன்ற மற்ற ஆளுமைக் கோளாறுகள் என்றாலே அரக்கர்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைப் பெயர்கள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. வார்டில் பேசும் பேச்சும் அந்த வழிக்கு வரட்டும்.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. தானே செய்துகொண்ட காயமானாலும் வலி தெரியாமல் தையுங்கள். நோயின் பெயரை உறவினரிடம் கிசுகிசுக்காமல் அவளிடமே சொல்லி விளக்குங்கள். சிகிச்சையாளர் விடுப்பில் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பி வரும் தேதியையும், அதுவரை யாரைக் கூப்பிடலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போன முறை வரவேற்பில் இருந்தவர் "அவங்க லீவு" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு முழுக்க நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா