கோதா திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

தேகப்பயிற்சி சாலை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மண்ணில் குஸ்தி பழகும் களமான நம் கோதாவுக்குத் தை மாதம் தொடங்கிய திருப்பணி, அடைமழைக்கு முன்பே புரட்டாசியில் முடிந்தது. ஆஞ்சநேயர் சன்னதிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தாயிற்று, உடற்பயிற்சிக்குச் சுழற்றும் கர்லாக்கட்டைகளுக்குப் புதுத் தாங்கி போட்டாயிற்று. இவற்றில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மதிப்பீடு 6,40,000 ரூபாய், செலவு 7,52,000. கூடுதல் 1,12,000 எங்கே போனது என்று காரைக்குடியில் மட்டுமல்ல, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

28,000 கூரைக்கு. ஓட்டைப் பிரித்தபோது ஓடு தாங்கும் கைமரங்கள் ஏழு உளுத்திருந்தன, மாற்றினோம். மீதி 84,000 முழுவதும் மண்ணுக்கு.

கோதா 20 அடிக்கு 20 அடி, ஆழம் 3 அடி. யூனிட்டுக்கு 100 கன அடி என்று 12 யூனிட் மண் வேண்டும். சலித்த செம்மண், ஒரு கல்கூட இருக்கக் கூடாது என்று காண்டிராக்டரிடம் எழுதியே கொடுத்தோம். அவர் ராத்திரியோடு ராத்திரியாக டிப்பரில் கல் கலந்த கிராவல் மண்ணைக் கொட்டி, மேலே அரை அடிக்குச் செம்மண் பரப்பிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை, குஸ்தி சொல்லிக்கொடுக்கும் வஸ்தாது மண்வெட்டியைப் போட்டதுமே, சத்தம் சரியில்லை என்றார். அன்று சாயங்காலமே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மல்லாக்க விழுந்து முதுகெல்லாம் சிராய்த்துக்கொண்டான். ஒரு கூடை மண் சலித்தோம், அரைக்கூடை கல் நின்றது.

"மண்ணு மண்ணுதானே, ரெண்டு மழை பெய்தால் அமுங்கிவிடும்" என்றார் காண்டிராக்டர். கோதாவுக்கு மேலே கூரை இருக்கிறது. அவருடைய பில்லில் 40,000 ரூபாயை நிறுத்தி வைத்தோம். ஊர்க்காரர், விட்டுக்கொடுங்கள் என்று கமிட்டியிலேயே இருவர் சொன்னார்கள். மூன்று முறை உட்கார்ந்து பேசி, டிப்பர் வாடகைக்கு 15,000 கொடுத்துக் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடித்தோம். மிச்சமான 25,000 போகத்தான் இந்த 84,000. அந்தப் பையனின் முதுகைப் பார்த்தவர்கள் நாங்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தாலும் இதையேதான் செய்வோம்.

அப்புறம் முழுவதும் வெட்டியெடுத்துப் புது மண் போட்டோம். பையன்களே பதினோரு நாள் சாயங்காலம் நின்று சலித்தார்கள். 60 லிட்டர் நல்லெண்ணெய், 40 கிலோ மஞ்சள்தூள், மோர், வேப்பிலை சேர்த்தோம். மண்ணுக்கு எண்ணெயா என்று கேட்டவர்களுக்கு: எண்ணெய் இல்லாவிட்டால் மண் காய்ந்து புழுதியாகிக் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். மஞ்சளும் வேப்பிலையும் சிராய்ப்பு சீழ் பிடிக்காமல் இருக்க.

மண்ணுக்குப் பதில் மெத்தை விரிப்பான மேட் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். இன்றைய பெரிய போட்டிகள் மேட் மேல்தான் நடக்கின்றன, அதுவும் வேண்டும். அதற்குக் கூடத்தில் இடம் விட்டிருக்கிறோம். ஆனால் கோதாவை மூடி அதன்மேல் மேட் விரிக்கச் சம்மதிக்க மாட்டோம்.

சுவரில் மாட்டிய படங்களுக்கும் ஆட்சேபம் வந்தது. காமா பயில்வானைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. 1910-ல் லண்டனில் அவரோடு மோதிய போலந்து வீரர் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் தரையோடு ஒட்டிக்கிடந்து தப்பினார். அதே ஸ்பிஸ்கோவை 1928-ல் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் சாய்த்தவர் காமா. கிங்காங் என்ற குஸ்தி வீரரின் படம் எதற்கு, ஹங்கேரிக்காரருக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேள்வி. சம்பந்தம் சிங்கப்பூர். நம் வீட்டுப் பெரியவர்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கிகளில் கணக்கு எழுதிய காலத்தில், அந்த ஊர்ப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் குஸ்தி பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1947-ல் அங்கே பிழைக்கப் போன பஞ்சாப் குஸ்தி வீரர் தாராசிங், டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்டு அரங்கில் பயிற்சி எடுத்தார். கிங்காங் 1970-ல் கார் விபத்தில் அடிபட்டு இறந்ததும் சிங்கப்பூரில்தான். ஊருக்குத் திரும்பியவர்கள் பெட்டியில் கொண்டுவந்தது பர்மாத் தேக்கைப் பற்றிய கதை மட்டுமல்ல, இந்தக் கதைகளும்தான். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் வெட்டிய கோதா இது.

தாராசிங் இந்தக் கோதாவில் இறங்கினார் என்று கல்வெட்டில் போடச் சொன்ன உறுப்பினர் வருத்தப்பட வேண்டாம். ஆதாரம் இல்லாததைக் கல்லில் வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. 1968-ல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார் என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறோம். அவர் பெருமைக்கு அது போதும்.

நன்கொடையாளர் பெயர்கள், தொகையோடு, வாசல் கல்வெட்டில் உள்ளன. பொருளாகத் தந்தவர்கள்: எண்ணெய் முழுவதும் செஞ்சை செக்குக்காரர், மஞ்சள் கல்லுக்கட்டி மளிகைக்கடை அண்ணாச்சி, கைமரம் கழனிவாசல் மரக்கடை, படச் சட்டங்கள் செக்காலை ரோடு கண்ணாடிக்கடை, பதினோரு நாளும் பையன்களுக்குச் சுண்டலும் பானகமும் முத்துப்பட்டணத்து ஆச்சிகள் மூவர், கோவிலூரிலிருந்து மோர், பள்ளத்தூரிலிருந்து ஆஞ்சநேயருக்கு வெண்கல மணி, தேவகோட்டையிலிருந்து இரண்டு கர்லாக்கட்டை.

வசூல் 7,29,000. குறையும் 23,000 ரூபாயைப் பொருளாளர் கைக்காசிலிருந்து போட்டிருக்கிறார். அவர் கேட்கவில்லை, நாம்தான் தீபாவளிக்குள் கொடுத்துவிட வேண்டும். பில்கள் அனைத்தும் கூடத்து அலமாரியில் உள்ளன, சாவி வஸ்தாதிடம். மண்ணை வாரம் இருமுறை கொத்திப் புரட்ட ஆள் தேவை, வரக்கூடியவர்கள் காலை ஐந்தரைக்கு வரலாம்.